பலா விழுங்கிய முள்கம்பி

"வீட்டு மரமா? அப்ப வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டார் மர அறுவை மில்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. தோப்பு மரத்துக்குள் மரம்தான் இருக்கும். வீட்டை ஒட்டி நின்ற மரத்துக்குள் துணிக்கொடி கட்டிய ஆணி இருக்கும், ஊஞ்சல் கொக்கி இருக்கும், எந்தத் தேர்தலிலோ தட்டி மாட்ட அடித்தது இருக்கும். அத்தனையையும் உள்ளே வாங்கிக்கொண்டு பட்டையை மூடி நிற்கும். ஓடுகிற நாடா ரம்பத்தில் ஓர் ஆணி பட்டால் பல் போகும். சமயத்தில் நாடாவே அறுந்து ஆள்மேல் பாயும். "விறகுக்குக் குடுத்துருங்க, அலைச்சல் மிச்சம்" என்றார்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. புயல் கடற்கரைக்காரர்களுக்குத்தான் என்று படுத்திருந்த எங்கள் ஆலங்குடி வட்டாரத்தில், விடிந்தபோது வானம் மட்டும்தான் பழையபடி இருந்தது. வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவுக்குப் பேர்போனது. மூன்று தலைமுறை காய்த்த மரங்கள் வேர்மண்ணோடு பெயர்ந்து சாலைக்குக் குறுக்கே கிடந்தன. தென்னை கேட்கவே வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்கு மின்சாரம் இல்லை. எங்கு பார்த்தாலும் செயின்சா சத்தம் மட்டும் கேட்டது. மரம் வாங்க வந்த லாரிக்காரர்கள் வைரம் பாய்ந்த பலாவையும் முருங்கையையும் ஒரே விலையில் வைத்தார்கள்.

எங்கள் மரம் தாத்தா நட்டது. அப்பா வீட்டுக் கொல்லைக்கும் சித்தப்பா வீட்டுக் கொல்லைக்கும் நடு எல்லையில் நின்றது. அடிமரம் இரண்டடிக்கு மேல் குறுக்களவு. முதல் கவட்டை வரைக்கும் ஒன்பதடி நேராகப் போகும். விழும்போது சித்தப்பா கொல்லைப் பக்கம் விழுந்தது. யாருடையது என்ற கேள்வி எழுவதற்குள் சித்தப்பா மகன், என் தம்பி, பெரிய கிளைகளைக் கழித்து வழியை ஒழித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "அக்கா, அடிமரத்த மட்டும் விறகுக்குக் குடுக்க மனசு வரல. நம்மளே அறுப்பமா?"

நான் அப்போது திருச்சியில் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. 25 வருடமாக மரத்தின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு மரத்தை நெடுக்குவாட்டில் திறந்து பார்த்ததில்லை.

தம்பி வாங்கி வைத்திருந்தது ஓர் அலுமினியச் சட்டம். செயின்சாவின் பட்டையில் அதைக் கவ்வ வைத்து இறுக்கினால், பட்டைக்கு மேலே இரண்டு தண்டவாளம் போல நிற்கும். அந்தத் தண்டவாளம் மரத்தின் மட்டமான முகத்தில் வழுக்கிக்கொண்டு போக, கீழே சங்கிலி அறுத்துக்கொண்டு போகும். தண்டவாளத்துக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளிதான் பலகையின் கனம். கலிபோர்னியாவின் கிரான்பெர்க் கம்பெனி இதை 'அலாஸ்கன்' என்ற பெயரில் வெகுகாலமாகச் செய்து விற்கிறது. சாலை இல்லாத காட்டில், மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாத இடத்தில், மில்லை மரத்திடம் கொண்டுபோகிற ஏற்பாடு. உருண்டை மரத்துக்கு மட்டமான முகம் கிடையாது என்பதால் முதல் அறுப்புக்கு மட்டும் மேலே ஓர் அலுமினிய ஏணியைப் படுக்கவைத்து ஆணியடித்து, நூல் பிடித்து மட்டம் பார்த்தோம். அந்த முதல் முகம் கோணினால் எல்லாப் பலகையும் கோணும். அரை நாள் அதற்கே போயிற்று, போகத்தான் வேண்டும்.

சங்கிலியும் வேறு. குறுக்கே வெட்டுகிற சங்கிலியின் பல்லை 30 டிகிரி சாய்வில் தீட்டுவார்கள். நார் போகும் திசையிலேயே அறுக்க அது உதவாது. 10 டிகிரிக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். தம்பி ஒவ்வொரு பல்லாக உருட்டு அரத்தால் தீட்டினான். இரண்டு அறுப்புக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தீட்டினான். பலாப்பால் காய்ந்து சங்கிலியில் பிசினாக ஒட்டியதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது என் வேலை. அறுபடும் பலகை கீழே அமுங்கிச் சங்கிலியைக் கவ்விவிடாமல் பின்னாலேயே ஆப்புச் செருகிக்கொண்டு போவதும் என் வேலை. காதில் அடைப்பு, கண்ணில் கண்ணாடி. எட்டடி நீள அறுப்புக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் இருவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒருவர் முந்தினால் பலகையில் அலை விழும்.

சின்ன வயதில் பள்ளம் தோண்டி மரம் அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். கரி தோய்த்த நூலை அடித்து, மேலே ஒருவர், பள்ளத்துக்குள் ஒருவர், நடுவில் ஆளுயர ரம்பம். மேலே நிற்பவருக்குக் கோடு தெரியும். கீழே நிற்பவருக்கு முகத்தில் கொட்டும் தூள்தான் தெரியும். அப்படியும் கோடு பிசகாது. எங்களுக்கு அந்தத் தேர்ச்சி இல்லை, இயந்திரம் இருந்தது.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்ததைச் சொல்ல வேண்டும். மில்லின் நாடா ரம்பம் ஓர் அறுப்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத்தான் தூளாக்கும். செயின்சா எட்டு மில்லிமீட்டர் தின்னும். ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் மூன்று பலகைக்கு ஒரு பலகை தூளாகிப் போகிறது. தாத்தா நட்ட மரத்தில் அவ்வளவைத் தரையில் கொட்ட எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அதனால்தான் இரண்டு அங்குலக் கனத்தில் அறுப்பதென்று முடிவு செய்தோம். அறுப்பு குறைந்தால் இழப்பும் குறையும். அப்படியும் மஞ்சள் தூள் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்தது. பலாவின் வைரம் அறுத்த புதிதில் பச்சை மஞ்சள் நிறம். பௌத்தத் துறவிகள் இந்த மரச் சிராயைக் கொதிக்கவைத்தும் முன்பெல்லாம் ஆடைக்குச் சாயம் ஏற்றினார்கள். வியர்வையில் ஒட்டி என் கையெல்லாம் மூன்று நாளைக்கு மஞ்சளாக இருந்தது.

முதல் அறுப்பில் பட்டைத் துண்டு கழன்றது. இரண்டாவதில் ஒரு பலகை. மூன்றாவதில் கொஞ்ச தூரம் போவதற்குள் சத்தம் மாறியது. கரகரவென்று போய்க்கொண்டிருந்தது கீச்சென்று கத்தியது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி தூளுக்குள் பாய்ந்து அணைந்தது. தம்பி உடனே விசையை விட்டான். இரும்பு கருகிய வாடை. சங்கிலியில் பதினொரு பல் மழுங்கிக் கிடந்தது. ஆப்பை அடித்து, பலகையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து பார்த்தோம். பட்டையிலிருந்து அரை அடி ஆழத்தில், மஞ்சள் மரத்துக்கு நடுவே கருத்த கறை. அதன் மையத்தில் முறுக்கிய கம்பி, ஒரு முள்ளோடு.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கம்பி அடித்தபோது அவன் ஏழு வயதுப் பையன். இருந்தாலும் அவனுக்கும் தெரியும்.

1984-இல் பாகப்பிரிவினை நடந்தது. எனக்குப் பதினாலு வயது. நிலம் பிரிந்ததில் சண்டை இல்லை. கொல்லையில் ஆறடி அகலப் பாதை ஒன்றில்தான் வந்தது. பஞ்சாயத்தில் பேசியது போதாதென்று ஒருநாள் காலை சித்தப்பா எல்லை நெடுக முள்கம்பி இழுத்தார். கருங்கல் தூண் வாங்க அப்போது காசு இல்லை. நடுவில் வாட்டமாக நின்றது பலா. மரத்தையே தூணாக்கி மூன்று வரிசைக் கம்பியை யு ஆணி போட்டு அடித்தார். ஒவ்வோர் அடியும் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய்க் கேட்பார் என்று அம்மா வாசற்படியில் நின்றாள். அவர் எழவில்லை. அன்றைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவும் இல்லை.

பலா அடிமரத்திலேயே காய்க்கும். கம்பிக்குக் கிழக்கே காய்த்தது எங்களுக்கு, மேற்கே காய்த்தது அவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே நடைமுறை வந்தது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ஒரு காய் சரியாகக் கம்பிமேல் வந்து, கம்பி அதன் முள்தோலில் பதியப் பதியப் பெருத்தது. அது பழுத்து மணம் வீசியபோது இரண்டு வீட்டிலும் யாரும் தொடவில்லை. கடைசியில் அம்மாதான் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அதை இறக்கி இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதியை வட்டிலில் வைத்து, கம்பிக்கு அடியில் நான் நுழைந்து போய்ச் சித்தியிடம் கொடுத்தேன். வெறும் வட்டிலைத் திருப்பித் தரக் கூடாதென்று சித்தி அதில் நாலு முட்டை வைத்துக் கொடுத்தாள். அப்பா இரண்டையும் பார்த்தார். பழமும் சாப்பிட்டார், முட்டையும் சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தப்பா கல்தூண் நட்டுப் புதுக்கம்பி போட்டார். பழையதைக் கழற்றிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் மரத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கியதோடு சரி. உள்ளே போயிருந்ததை எடுக்க வழியில்லை. பட்டையில் உதடு மூடியதுபோல ஒரு மடிப்பு மட்டும் இருந்தது. காய்க்காம்பு விழுந்த தழும்புகளுக்கு நடுவே அதையும் ஒரு தழும்பென்று பார்த்துப் பழகிவிட்டோம்.

2009-இல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். நினைவு வருவதும் போவதுமாக இருந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "கம்பிய எடுத்துட்டானா?" என்று கேட்டார். எந்தக் கம்பி என்று நான் கேட்கத் தேவைப்படவில்லை. "எப்பவோ எடுத்தாச்சுப்பா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். 25 வருடம் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசாத மனிதர். நான் சொன்ன பதில் தவறு என்பது, அவர் போய்ப் பத்தாவது வருடம், மரம் அறுத்த அந்த 2019 பிப்ரவரி மாதக் காலையில் செயின்சா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் இரண்டு வரிசைக் கம்பி உள்ளே இருக்கிறது. எங்கே என்று தெரியாமல் சங்கிலியை ஓட்ட முடியாது. காந்தத்தை வைத்துப் பார்த்தோம். அரை அடி ஆழத்தில் இருப்பதை அது காட்டாது. தம்பி யோசித்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவருக்கு அப்போது 75 வயது. மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வெட்டுமுகத்தில் தெரிந்த கம்பியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு மூங்கில் குச்சியை எடுத்துத் தன் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொண்டார். முழங்காலுக்கு நேராகக் குச்சியில் கட்டைவிரல் நகத்தால் கீறினார். இடுப்புக்கு நேராக ஒன்று. மார்புக்கு நேராக ஒன்று. வேர்ப்பக்கத்திலிருந்து குச்சியை மரத்தின்மேல் படுக்கவைத்து, மூன்று கீறலுக்கு நேரேயும் கையை வைத்தார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஆணி. நடு ஆணி வளைஞ்சு போச்சு, பக்கத்துல இன்னொண்ணு அடிச்சேன்."

முழங்கால் உயரத்தில் இருந்ததுதான் எங்கள் சங்கிலி கண்டது. இடுப்பு உயரம் பிசகாமல் இருந்தது, வளைந்த ஆணியும் பக்கத்திலேயே இருந்தது. மார்பு உயரம் மட்டும் மூன்று விரற்கடை தள்ளி இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்குக் கூன் விழுந்திருக்கிறது. மரம் அப்படியே வைத்திருந்தது.

மரம் உயர்வது நுனியில்தான். அடிமரம் பருக்குமே தவிர மேலே ஏறாது. மார்பு உயரத்தில் அடித்த ஆணி நூறு வருடமானாலும் மார்பு உயரத்தில்தான் இருக்கும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் தம்பி மரத்தைக் கொத்தி எடுக்க எடுக்க, சித்தப்பா குறடால் ஆணிகளைப் பிடுங்கினார். யாரையும் தொடவிடவில்லை. பிடுங்கியதை வேட்டி மடியில் போட்டுக்கொண்டார். மத்தியானம் ஆகிவிட்டது.

'காலம் ஆற்றிவிடும்' என்று நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். புருஷனை இழந்த சக ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டை விட்டு வந்து விடுதியில் அழுத பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து போக வசதியான வாக்கியம் அது. நம் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுத்தோல் வரும். அதைப் பார்த்துத்தான் எல்லாக் காயத்தையும் அப்படி நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. மரத்தால் அது முடியாது. அடிபட்ட திசுவை மாற்றி அதே இடத்தில் புதிதாக வைக்க அதற்கு வழியில்லை.

அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் 1959-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒற்றை ஆள் தூக்கிப் பிடிக்கிற செயின்சா அப்போதுதான் பரவலாகி வந்தது. முன்னே இருந்தவர்கள் மரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். இவர் செயின்சாவை வைத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் திறந்து பார்த்தார். அடிபட்ட மரம் அடிபட்ட இடத்தைச் சரிசெய்வதில்லை, சுவர் எழுப்பி அடைக்கிறது என்று கண்டார். மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைக்கும். உள்பக்கமும் பக்கவாட்டிலும் தடுக்கும். கடைசியாக, அடிபட்ட பிறகு வளர்கிற மரத்துக்கும் முன்பு வளர்ந்த மரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வளையத்தை உண்டாக்கும். 1977-இல் இன்னொருவருடன் சேர்ந்து இதைப் படங்களோடு வெளியிட்டார். காயம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதற்கு வெளியே வளர்கிற மரம் சுத்தமாக இருக்கும். எங்கள் பலகையிலும் அதைத்தான் பார்த்தேன். கறை உள்பக்கமாகப் பரவி நின்றிருந்தது. வெளிப்பக்கம் ஒரு நூல் அளவுகூட வரவில்லை. 1984-க்கு அப்புறம் வளர்ந்த அரை அடி மரம் பொன் மாதிரி இருந்தது.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவர் வீட்டை எடுத்துக் கட்டினார், என்னைப் படிக்கவைத்தார், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொன்னார். அந்த வருடங்கள் பொய்யில்லை. உள்ளே ஒன்று இருந்தது என்பதால் வெளியே வளர்ந்தது போலியாகிவிடாது. மறந்துவிட்டார் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

தென்னை வேறு. உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். அதற்குப் பட்டைக்கு உள்ளே வளர்திசு வளையம் கிடையாது. ஏறுவதற்குக் கால்படி வெட்டினால் அந்த வெட்டு மரம் இருக்கும் வரைக்கும் திறந்தே இருக்கும், மூடிக்கொள்ளத் தெரியாது. சித்தப்பா அந்த ரகம். கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும், யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு சொல்வார். அப்பா அமைதியானவர், பெருந்தன்மைக்காரர் என்றும் சித்தப்பா வாய்த்துடுக்கு என்றும் ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கஜாவில் பலா, தென்னை இரண்டும்தான் விழுந்தன. குச்சியை ஊன்றித் தன் உடம்பில் அளந்து காட்டியவரைப் பார்த்தபிறகு அந்தத் தராசு என் கையில் நிற்கவில்லை.

அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவனுக்குத்தான் வலி இருக்கும் என்பார்கள். அந்த மரத்தில் எத்தனை ஆணி, எது வளைந்தது, எங்கே இன்னொன்று அடித்தோம் என்பதை 35 வருடம் துல்லியமாக வைத்திருந்தது அடித்த கைதான். அது தெரிந்தவராகவே இத்தனை காலமும் அந்த மரத்தைத் தாண்டி நடந்திருக்கிறார். அப்பா சாவுக்கு வந்து, எடுக்கும் வரைக்கும் பந்தலில் உட்கார்ந்திருந்தார், யாரிடமும் பேசாமல். அந்தக் குச்சியை 2009-க்கு முன்னால் ஒருநாள் எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் அடித்ததும் ஒன்று உண்டு. 1999-இல் பிளஸ் டூ வகுப்பில் ஒரு பெண்ணின் செய்முறை நோட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, உனக்குப் படிப்பு எதற்கு என்ற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்றார்கள். காரணம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது, அவள் நோட்டின் அட்டை நிறம் நினைவிருக்கிறது. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மரம் அறுத்த வருடமே அவளைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். நாங்கள் என்ன பேசினோம் என்பதை அவள் சம்மதம் இல்லாமல் எழுத மாட்டேன். எங்கே அடித்தேன் என்று நானாகச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

மூன்று நாளில் எட்டுப் பலகை கிடைத்தது. பச்சை மரம் அங்குலத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மாட்டுக் கொட்டகையில் செங்கல் அடுக்கி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ரீப்பர் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கினோம். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் போவதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும், அந்த அவசரத்தில் முனை பிளக்கும் என்பதால் முனைகளில் கெட்டியாகப் பெயிண்ட் அடித்தோம். மேலே கல்லேற்றினோம். நான் திருச்சிக்குப் போய்விட்டேன். அடுத்த வருடம் ஊரடங்கு வந்து யாரும் எங்கும் போக முடியாமல் கிடந்தோம். பலகைகள் பாட்டுக்குக் காய்ந்தன. தம்பி மாதம் ஒருமுறை ஒரு பலகையை மட்டும் தராசில் தூக்கிப் பார்த்து எடையைப் போனில் சொல்வான். எடை குறைவது நின்றபோது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிரித்துப் பார்த்தால், கம்பி இருந்த பலகையில் இரண்டடி நீளத்துக்கு ஒரு பிளவு. வெயிலில் விழுகிற பிளவு மையத்திலிருந்து வெளியே ஓடும். இது வளையத்தோடு வளையமாக, கறை முடிந்து பொன் நிறம் தொடங்குகிற கோட்டிலேயே ஓடியிருந்தது. இதையும் ஷைகோ எழுதியிருக்கிறார். அழுகல் வெளியே பரவாமல் தடுக்கிற அந்தச் சுவர் அதே வேலைக்கென்று உண்டானது. கிருமியைத் தடுப்பதில் அது கெட்டி, இழுவிசையைத் தாங்குவதில் பலவீனம். மரம் நின்றிருக்கும் வரை தெரியாது. காயும்போது, இழுக்கும்போது, அங்கேதான் விடும். எங்கள் வீட்டிலும் நல்லது கெட்டது ஒவ்வொன்றிலும், அம்மா காரியத்தில், என் பெண் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதில், அதே கோட்டில்தான் விட்டது. அப்பாவின் மௌனம் எங்களைக் காப்பாற்றியது. எங்களைப் பிளந்ததும் அதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டிருக்கிறது.

நான் விருப்ப ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு அப்பா வீட்டு வாசலுக்குக் கதவு செய்வதென்று முடிவானது. ஆசாரி பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலா இதற்குள் மஞ்சள் போய்த் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் சில வருடத்தில் பழுப்பாகும் என்றார். வெளிறைக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்தார், வெளிறைச் செல் தின்றுவிடும். பிளந்த பலகையைத் தனியாக நகர்த்தி வைத்தார்.

"இத விட்றலாம் டீச்சர். மத்ததே போதும்."

"வேண்டாம், இதையும் சேத்துக்குங்க" என்றேன். பிளவோடு அறுத்து இரண்டாக்கி, நடுவில் ஒரு சட்டம் கொடுத்துப் பூட்டலாம் என்று அவரே வழி சொன்னார். உளி போட்டுக் கம்பி எடுத்த பள்ளங்களுக்கு அதே மரத்தில் துண்டு வெட்டி இறக்குவதாகச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"கறை பட்ட முகம் உள்ள வரட்டுமா, வெளிய வரட்டுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். எங்கள் திண்ணையில், அப்பா உட்காரும் தூணுக்கு எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் திண்ணைக்கு அவர் வந்து உட்கார்வது அப்போதுதான் வழக்கமாகியிருந்தது. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிப் பக்கம்னா மழை படுமா?"

"திண்ணைக் கூரை இருக்கே, சாரல்கூட அடிக்காது" என்றார் ஆசாரி.

"அப்ப வெளியவே போடு" என்றார் சித்தப்பா.